தரைதட்டுவதற்கென்றே ஒரு கப்பல்

தரைதட்டுதல் என்னும் சொல்லை நாம் நல்ல செய்தியோடு சேர்த்துக் கேட்டதில்லை. கப்பல் தரைதட்டியது என்றால் சரக்கு போயிற்று, மாலுமியின் பிழைப்பு போயிற்று, சில வேளைகளில் உயிரும் போயிற்று என்று பொருள். கலம் கட்டுவோரும் செலுத்துவோரும் நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த அறிவில் பெரும்பகுதி, கலத்தின் அடி தரையைத் தொடாமல் காப்பது எப்படி என்பதைப் பற்றியதே. கலங்கரை விளக்கமும், ஆழம் பார்க்கும் ஈயக்குண்டும், கடல் வரைபடமும் அதற்காகவே தோன்றின.

இந்த அறிவு முழுவதற்கும் நேர் எதிரான ஒரு கப்பல் 1941-ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகரில் ஒரு தாளில் வரையப்பட்டது. அது பெருங்கடலைக் கடந்து வரவேண்டும். துறைமுகம் எதுவும் இல்லாத மணற்கரையில் வேண்டுமென்றே ஏறி நிற்கவேண்டும். முகப்பைக் கதவுபோல் திறந்து, வயிற்றிலிருக்கும் டாங்கிகளை ஒவ்வொன்றாகக் கரைக்கு அனுப்பவேண்டும். பிறகு தன்னைத்தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பவேண்டும். ‘லேண்டிங் ஷிப், டாங்க்’ என்பது அதன் ஏட்டுப் பெயர். எல்.எஸ்.டி. என்பது வழக்கில் நின்ற பெயர்.

இரண்டாம் உலகப்போர் என்றதும் நம் நினைவுக்கு வருபவை விமானந்தாங்கிக் கப்பல்கள், நீர்மூழ்கிகள், கடைசியில் அணுகுண்டு. எல்.எஸ்.டி.க்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனால் 1943, 1944-ஆம் ஆண்டுகளில் எந்தக் கரைக்கு எப்போது படை செல்லும் என்பதைத் தளபதிகளின் விருப்பத்தைவிட அதிகமாகத் தீர்மானித்தது இந்தக் கப்பல்களின் எண்ணிக்கைதான். அந்தக் கணக்கில் கழிக்கப்பட்ட கரைகளில் ஒன்று வங்காள விரிகுடாவில் இருந்தது. அதை நோக்கிப் போவதற்கு முன் கப்பலின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

*

கப்பலை வேண்டுமென்றே கரையேற்றிப் படையை இறக்கும் எண்ணம் புதியதன்று. 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கல்லிப்போலி தீபகற்பத்தில் பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. ‘ரிவர் கிளைட்’ என்னும் பழைய நிலக்கரிக் கப்பலின் பக்கவாட்டில் வாசல்கள் வெட்டி, உள்ளே ஏறத்தாழ 2,000 வீரர்களை நிறுத்தி, ஹெல்லெஸ் முனைக்கு அருகே கரைநோக்கி ஓட்டி மோதவிட்டார்கள். கப்பல் தரைதட்டியது. ஆனால் நின்ற இடத்துக்கும் கரைக்கும் இடையே ஆழமான நீர் எஞ்சியிருந்தது. இடையில் படகுகளைப் பாலம்போல் கட்டி நிறுத்த முயன்றுகொண்டிருக்கையிலேயே துருக்கியரின் துப்பாக்கிகள் முழங்கின. வாசலைத் தாண்டி வந்தவர்கள் வந்த வரிசையிலேயே வீழ்ந்தார்கள். சாதாரணக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே எப்போதும் சில கஜ தூரம் மிச்சமிருக்கும். போரில் அந்தச் சில கஜம்தான் மரணத்தின் இடம் என்பது அன்று தெரிந்த பாடம்.

அந்தப் பாடம் கால் நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. 1940 மே, ஜூன் மாதங்களில் டன்கர்க்கிலிருந்து 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களைக் கப்பல்களும் படகுகளும் மீட்டுக் கொண்டுவந்தன. மனிதர்கள் வந்தார்கள். பீரங்கிகளும் வண்டிகளும் ஏறத்தாழ எல்லா டாங்கிகளும் பிரான்சிலேயே நின்றுவிட்டன. ஐரோப்பாவுக்குத் திரும்பிச் செல்லவேண்டுமானால் டாங்கிகளோடுதான் செல்லவேண்டும். துறைமுகங்கள் எல்லாம் எதிரியின் கையில். ஆகவே துறைமுகம் இல்லாமலே டாங்கியை இறக்கும் பெருங்கப்பல் வேண்டும். சர்ச்சிலின் நச்சரிப்பு இங்கிருந்து தொடங்குகிறது.

முதல் விடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்குள் எண்ணெய் ஏற்றச் செல்லும் கப்பல்கள் ஏரிவாயிலில் உள்ள மணல்மேட்டைக் கடந்தாகவேண்டும். ஆகவே அவை ஆழம் குறைவான நீரில் மிதக்குமாறு கட்டப்பட்டவை. அவற்றுள் மிசோவா, தசகேரா, பச்சாகுவேரோ ஆகிய மூன்றை எடுத்து முகப்பை அறுத்துக் கதவு வைத்தார்கள். 1942 மே மாதம் மடகாஸ்கரில் பச்சாகுவேரோ முதன்முதலாகப் போர்க்களம் கண்டது. எண்ணம் சரி என்று தெரிந்தது. ஆனால் மூன்று எண்ணெய்க் கப்பல்களைக் கொண்டு ஒரு கண்டத்தை மீட்க முடியாது.

*

1941 நவம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் குழு ஒன்று வாஷிங்டனுக்கு வந்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கவில்லை. வந்தவர்கள் முன்வைத்த சிக்கல் கேட்பதற்கு எளியது, தீர்ப்பதற்கு அரியது. அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகளைத் தாங்கவேண்டுமானால் கப்பல் நீரில் ஆழமாக அமிழ்ந்திருக்கவேண்டும். கரையேறவேண்டுமானால் முகப்பு முழங்கால் அளவு, இடுப்பளவு நீருக்கே வந்து நிற்கவேண்டும். ஒரே கப்பல் இரண்டாகவும் இருப்பது எப்படி?

கடற்படையின் கப்பல் பணியகத்தில் ஆரம்ப வடிவமைப்புப் பிரிவில் இருந்த ஜான் நீடர்மையர் நவம்பர் 4 அன்று சில மணி நேரத்தில் ஒரு கோட்டுப்படம் வரைந்தார். நீர்மூழ்கிக் கப்பல் நீரை உள்ளே வாங்கி மூழ்குகிறது, வெளியே தள்ளி எழுகிறது. அந்த முறையையே அவர் இங்கே கையாண்டார். கடலில் செல்லும்போது தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் கனத்து ஆழ அமிழும். கரை நெருங்கியதும் நீரை இறைத்துவிட்டால் மேலெழும். மறுநாளே அந்தப் படம் லண்டனுக்கு அனுப்பப்பட்டது, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் கட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களுக்கு அந்த ஒரு படமே மூலம்.

இறுதி வடிவத்தில் கப்பலின் நீளம் 328 அடி, அகலம் 50 அடி. முழுச்சுமையோடு கடலில் செல்லும்போது அணியம், அதாவது முன்பகுதி, ஏறத்தாழ 8 அடியும் பின்பகுதியாகிய அமரம் 14 அடியும் அமிழ்ந்திருக்கும். கரையேறும்போது அணியம் 4 அடி, அமரம் 10 அடி. முன்னுயர்ந்து பின்தாழ்ந்த இந்தச் சாய்வு, ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் சரியும் மணற்கரையோடு பொருந்தும்படி கணக்கிடப்பட்டது.

கரையேறிய கப்பல் திரும்புவது எப்படி? கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு, அதன் வடத்தை விட்டுக்கொண்டே முன்னேறும். வேலை முடிந்ததும் அந்த வடத்தைச் சுருட்டும் பொறியும் கப்பலின் எஞ்சின்களும் சேர்ந்து அதை மணலிலிருந்து பின்னுக்கு இழுக்கும். எஞ்சின்களும் கப்பலுக்கென்று புதிதாக வடித்தவை அல்ல; ரயில் எஞ்சினுக்காக உருவான பன்னிரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டு. வேகம் மணிக்கு 11, 12 நாட்டிகல் மைல்தான். அடி தட்டையாக இருந்ததால் சற்றே அலை எழுந்தாலும் தொட்டில்போல் ஆடும். எல்.எஸ்.டி. என்ற மூன்று எழுத்துக்கு அதில் பணியாற்றியவர்களே வேறொரு விரிவு சொன்னார்கள்: ‘லார்ஜ் ஸ்லோ டார்கெட்’. பெரிதாக, மெதுவாகச் செல்லும் குறி என்று பொருள்.

மூடிய வயிற்றுக்குள் இருபது டாங்கிகள் ஒரே நேரத்தில் எஞ்சினை முடுக்கினால் புகையில் ஆட்கள் மூச்சடைத்துப் போவார்களே என்ற கவலை எழுந்தது. கடலிலிருந்து வெகு தொலைவில், கென்டக்கி மாநிலத்து ஃபோர்ட் நாக்ஸ் என்னும் ராணுவத் தளத்தில், கப்பலின் வயிற்றை மட்டும் ஒரு கட்டடமாகக் கட்டி, உள்ளே டாங்கிகளை ஓடவிட்டு, எத்தனை விசிறி வேண்டும் என்று பார்த்தார்கள்.

*

கப்பல் கட்டும் தளங்கள் கடலோரத்தில் இருக்கும் என்பது நமது பொதுப்புத்தி. 1942-இல் அமெரிக்கக் கடலோரத் தளங்களில் விமானந்தாங்கிகளும் நாசகாரிக் கப்பல்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஆகவே இந்த வேலை நாட்டின் உட்பகுதிக்கு, ஆறுகளின் கரைக்குச் சென்றது. எடுத்தவர்களும் பாலங்களும் இரும்புத் தொட்டிகளும் செய்துவந்தவர்கள். அவர்களுக்கு இரும்பைப் பற்றவைக்கத் தெரியும். அதற்கேற்ற எளிய வடிவமாக இந்தக் கப்பல் அமைந்தது.

இந்தியானா மாநிலத்தில் ஓஹையோ ஆற்றங்கரை நகரமான எவன்ஸ்வில்லில் மட்டும் 167 எல்.எஸ்.டி.க்கள் கட்டப்பட்டன. இல்லினாய் ஆற்றங்கரையில் செனிகா என்றொரு சிற்றூர். ஆயிரத்துச் சொச்சம் மக்கள் வாழ்ந்த இடம். அங்கே சில மாதங்களில் அதைப்போலப் பல மடங்கு தொழிலாளர்கள் குவிந்தார்கள். பெண்கள் முகமூடி அணிந்து பற்றவைப்பு வேலை செய்தார்கள். அவ்வூரிலிருந்து 157 கப்பல்கள் இறங்கின. சோளக்காட்டுக் கப்பல்தளங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வந்தது. ஆற்றின் அகலம் போதாமையால் கப்பலை நீளவாக்கில் இறக்கவில்லை. பக்கவாட்டில் சரித்து, ஒரே பேரலையோடு ஆற்றில் விழச் செய்தார்கள். பிறகு அது மிசிசிப்பி வழியாக ஆயிரம் மைல் கடந்து நியூ ஆர்லியன்சை அடையும். பாலங்களுக்கு அடியில் நுழையவேண்டியிருந்ததால் உயர்ந்த பாய்மரக்கம்பத்தை அதன்பிறகே நாட்டுவார்கள்.

மொத்தம் கட்டப்பட்ட எல்.எஸ்.டி.க்கள் 1,051. அவற்றில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் உள்நாட்டு ஆற்றுத் தளங்களில் பிறந்தவை. இவற்றுக்குப் பெயர் வைக்கவும் எவருக்கும் நேரமில்லை. எண்கள் மட்டுமே. வரலாற்றின் பெரிய கப்பல்கள் எல்லாம் அரசர்கள், மாவீரர்கள், நகரங்களின் பெயர்களைத் தாங்கியிருக்க, இவை ரயில் பெட்டிகளைப்போல எண்ணிடப்பட்டுப் போருக்குச் சென்றன.

*

1,051 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். முதலில் ஒப்பந்தம் செய்யப்பட்டவை 1,152. இவற்றில் 101 கப்பல்கள் 1942-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரத்து செய்யப்பட்டன. காரணமும் நியாயமானதே. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அவற்றை வேட்டையாடும் காவல் கப்பல்களுக்கு இரும்பும் எஞ்சினும் தேவைப்பட்டன. ஆனால் ஓராண்டு கழித்துத் தளபதிகள் ஒவ்வொரு எல்.எஸ்.டி.யையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, கட்டப்படாத அந்த 101 கப்பல்களின் இடம் வெறுமையாகத் தெரிந்தது.

1943-இன் இறுதியில் உலகெங்கும் இந்தக் கப்பலுக்குக் கை நீண்டது. பசிபிக்கில் தீவு தீவாகத் தாவிச் செல்லும் படைக்கு வேண்டும். இத்தாலியில் ஆன்சியோ கடற்கரையில் இறங்க வேண்டும். நார்மண்டிப் படையெடுப்புக்கு வேண்டும். அதே நேரத்தில் தென் பிரான்சிலும் இறங்குவது என்பது திட்டம், அதற்கும் வேண்டும். மூன்று கடற்கரைகளில் இறங்குவதாக இருந்த நார்மண்டித் திட்டம் 1944 ஜனவரியில் ஐந்து கடற்கரைகளாக விரிந்தது. கப்பல் போதவில்லை. ஒரு மாத உற்பத்தியைக் கூடுதலாகப் பெறுவதற்காக மே மாதம் என்றிருந்த நாளை ஜூனுக்குத் தள்ளினார்கள். தென் பிரான்ஸ் படையிறக்கம் நார்மண்டியோடு நடக்க முடியாமல் ஆகஸ்ட் 15 வரை காத்திருந்தது. இரண்டு பெரும் வல்லரசுகளின் போர்த்திட்டம் இந்தத் தட்டையடிக் கப்பல்களில் கட்டுண்டு கிடப்பதைக் குறித்துச் சர்ச்சில் எரிச்சலுற்றதில் வியப்பில்லை.

இத்தனை இறுக்கமான கணக்கில் ஓர் இரவின் இழப்பு எத்தகையது என்பதை 1944 ஏப்ரல் 28 காட்டியது. இங்கிலாந்தின் தென்கரையில் ஸ்லாப்டன் மணற்கரையில் நார்மண்டிக்கான ஒத்திகை நடந்தது. வீரர்களையும் வண்டிகளையும் சுமந்த எட்டு எல்.எஸ்.டி.க்கள் லைம் விரிகுடாவில் இரவில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. துணைக்கு வரவேண்டிய நாசகாரிக் கப்பல் பழுதுபார்க்க நின்றுவிட்டது. உத்தரவில் ஏற்பட்ட தட்டச்சுப் பிழையால் வானொலி அலைவரிசையும் மாறிப்போயிருந்தது. ஜெர்மானியரின் விரைவுப் படகுகள் இருளில் வந்து டார்பீடோக்களை ஏவின. இரண்டு கப்பல்கள் மூழ்கின; ஒன்று பலத்த சேதத்தோடு தப்பியது. இறந்தவர்கள் குறைந்தது 749 பேர். உயிர்காக்கும் மிதவையை எப்படி அணிவது என்று பலருக்குச் சொல்லித்தரவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தவர்கள் தலைகீழாகப் புரண்டு மூழ்கினார்கள். செய்தி அமுக்கப்பட்டது. படைத்தலைமையின் ஏட்டிலோ இன்னொரு கணக்கும் ஏறியது: நார்மண்டிக்குக் கையிருப்பாக இனி ஒரு எல்.எஸ்.டி.கூட இல்லை.

மூன்று வாரம் கழித்து, மே 21 அன்று, ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் சைபான் தீவுக்காக வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த எல்.எஸ்.டி.க்கள் வெடித்து எரிந்தன. ஆறு கப்பல்களும் 163 உயிர்களும் போயின. அதுவும் பல ஆண்டுகள் மறைக்கப்பட்டது.

ஜூன் மாதத்தில் நார்மண்டி நிகழ்ந்தது. 19-ஆம் தேதி எழுந்த புயலில் அமெரிக்கர்கள் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகம் சிதைந்தது. அதன்பிறகு எல்.எஸ்.டி.க்களே துறைமுகமாயின. நீர் ஏறும்போது கரையேறி, நீர் வடிந்ததும் வெறும் மணலில் உட்கார்ந்து, வண்டிகளை ஈரம் படாமல் இறக்கி, அடுத்த ஏற்றத்தில் மிதந்து சென்றன. தட்டையான அடி அந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலில் தயங்கியவர்கள் நாளடைவில் அதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள். திரும்பிச் செல்லும்போது அதே வயிற்றில் அடுக்கடுக்காகத் தூக்குப்படுக்கைகளைப் பொருத்திக் காயம்பட்டவர்களை ஏற்றினார்கள். இவ்வாறு கால்வாயைக் கடந்து இங்கிலாந்து சேர்ந்த காயமுற்றோர் 41,035 பேர்.

*

இந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காண ஆறு மாதம் பின்னோக்கி, 1943 நவம்பரில் கெய்ரோ நகருக்குச் செல்லவேண்டும். அங்கே ரூஸ்வெல்ட், சர்ச்சில் இருவரோடும் சீனத்தின் சியாங் கை-ஷேக் அமர்ந்திருந்தார். பர்மாவில் சீனப்படை போரிடவேண்டுமானால் வங்காள விரிகுடாவில் நேசநாடுகள் கடல்வழித் தாக்குதல் நடத்தவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. ரூஸ்வெல்ட் வாக்களித்தார். மௌண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளையகம் அதற்கென ஒரு திட்டம் வைத்திருந்தது. அதன் பெயர் பக்கனீர், இலக்கு அந்தமான், காலம் 1944-இன் இளவேனில்.

அந்தமான் 1942 மார்ச் 23 முதல் ஜப்பானியர் வசம் இருந்தது. கெய்ரோவிலிருந்து தலைவர்கள் தெஹ்ரான் சென்று ஸ்டாலினைச் சந்தித்தார்கள். பிரான்சில் இறங்கும் நாளை உறுதி செய்யுமாறு ஸ்டாலின் வற்புறுத்தினார். ஜெர்மனி வீழ்ந்தபின் ஜப்பானுக்கு எதிராகத் தாமும் வருவதாகச் சொன்னார். கப்பல்களின் பட்டியலை விரித்துப் பார்த்தபோது பிரான்சுக்கும் அந்தமானுக்கும் சேர்த்துப் போதுமானவை இல்லை. டிசம்பர் 5 அன்று ரூஸ்வெல்ட் தமது வாக்கைத் திரும்பப் பெற்றார். பக்கனீர் கைவிடப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் இருந்த படையிறக்கக் கப்பல்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத் திருப்பி அழைக்கப்பட்டது.

இந்த முடிவு அந்தமானில் இருந்த எவருக்கும் தெரியாது. அம்மாதமே 29-ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேர் வந்தார், மறுநாள் கொடியேற்றினார். அந்நாளில் இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவராயிருந்த மருத்துவர் திவான் சிங் செல்லுலர் சிறையில் ஜப்பானியரின் சித்திரவதைக்கு ஆளாகிக் கிடந்தார். 1944 ஜனவரி 14 அன்று அவர் இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்ச் என்னுமிடத்தில் ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டி 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இங்கே நாம் நேர்மையாக இருக்கவேண்டும். பக்கனீர் திட்டப்படி நடந்திருந்தாலும் இந்த மரணங்களைத் தடுத்திருக்காது. அது நடக்கவிருந்தது அதற்குப் பிறகுதான். படையிறக்கம் என்றால் முதலில் குண்டுவீச்சு. அதில் எத்தனை தீவுவாசிகள் மாண்டிருப்பார்கள் என்று சொல்ல எவராலும் இயலாது. ஆனால் அதன்பிறகு வந்த ஒன்றரை ஆண்டு இருக்கிறது. நேசநாடுகளின் முற்றுகையால் தீவுக்கு உணவு வருவது நின்றது. பசி பெருகியது. 1945 ஆகஸ்ட்டில், போர் முடிவதற்குச் சில நாட்கள் முன்பு, பயிர் செய்ய அழைத்துப் போவதாகச் சொல்லி நூற்றுக்கணக்கானோரைக் கப்பலேற்றி, இன்று சுவராஜ் தீவு என்று அழைக்கப்படும் ஹேவ்லாக் தீவுக்கு அருகே இரவில் கடலில் இறக்கிவிட்டார்கள். கரையேறியவர்கள் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் பட்டினியால் இறந்தார்கள். அந்தமானில் ஜப்பானியர் சரணடைந்தது 1945 அக்டோபரில். பாரிஸ் விடுதலை பெற்று ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது.

நார்மண்டியை முதலில் வைத்தது தவறு என்று சொல்ல நான் துணியவில்லை. நாஜிகளின் வதைமுகாம்களை நினைத்தால் அந்த வரிசையை மாற்றி எழுதச் சொல்ல மனம் வராது. ஆயினும் வரிசை என்று ஒன்று இருந்தது, அதில் சிலர் பின்னால் நிறுத்தப்பட்டார்கள், அவர்களிடம் எவரும் கேட்கவில்லை என்பதும் வரலாறே. போர் நூல்களில் பக்கனீர் ஓர் அடிக்குறிப்பு. அந்த அடிக்குறிப்புக்குள் இந்தத் தீவுவாசிகள் இருக்கிறார்கள்.

தென்கிழக்காசியக் கட்டளையகம் கேட்ட கப்பல்கள் கடைசியில் வந்து சேர்ந்தபோது ஜப்பான் சரணடைந்துவிட்டது. 1945 செப்டம்பர் 9 அன்று மலாயாவின் மோரிப் கடற்கரையில் எதிர்ப்பே இல்லாமல் இறங்கிய படையின் வண்டிகள் சேற்று மணலில் புதைந்து நின்றன. எதிரி அங்கே காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள். கரை எல்லாக் கப்பலையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை.

*

போருக்குப் பின் இவற்றில் பல இரும்பு விலைக்குப் போயின. எஞ்சியவை கொரியாவின் இன்ச்சானிலும் பின்னர் வியட்நாமிலும் வேலை செய்தன. 1955 ஜூலை முதல் தேதி அமெரிக்கக் கடற்படை தன்னிடம் மிஞ்சியிருந்தவற்றுக்கு அந்நாட்டு மாவட்டங்களின் பெயர்களைச் சூட்டியது. பதின்மூன்று ஆண்டு எண்ணாக இருந்தபின் பெயர்.

இந்தியாவும் இந்த மரபில் சேர்ந்தது. 1949-இல் பிரிட்டனிடமிருந்து பெற்ற எல்.எஸ்.டி.க்கு ‘மகர்’ என்று பெயரிட்டார்கள். முதலையைக் குறிக்கும் பெயர். நீரிலும் நிலத்திலும் வாழ்வதால் பொருத்தமானது. அதே பெயரில் 1987-இல் இந்தியாவிலேயே கட்டிய கப்பல் 2023 மே மாதம் ஓய்வு பெற்றது. அதன் வழிவந்த ‘ஐராவத்’ 2020 ஜூன் 23 அன்று, கொரோனாக் காலத்தில், மாலத்தீவில் சிக்கியிருந்த 198 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து சேர்த்தது. டாங்கிகளுக்கென்று வகுத்த வயிற்றில் வீடு திரும்பும் மனிதர்கள் வந்தார்கள்.

கிரேக்கக் கடற்படையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற எல்.எஸ்.டி. 325-ஐ அமெரிக்கக் கப்பற்படை முதியவர்கள் சிலர் கேட்டு வாங்கினார்கள். சராசரி வயது 72. தாங்களே பழுதுபார்த்து, தாங்களே செலுத்தி, அட்லாண்டிக்கைக் கடந்து 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபீல் துறைமுகத்தை அடைந்தார்கள். அது இன்று எவன்ஸ்வில் ஆற்றங்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

அதே எவன்ஸ்வில்லில் கட்டப்பட்ட இன்னொரு கப்பலின் விதி வேறு. எல்.எஸ்.டி. 821-இன் அடிக்கட்டை 1944 செப்டம்பர் 19 அன்று நாட்டப்பட்டது; ஆறு வாரத்துக்குள், அக்டோபர் 27 அன்று, கப்பல் ஓஹையோ ஆற்றில் இறங்கியது. ஒக்கினாவாவில் போர் கண்டது. 1955-இல் ‘ஹார்னெட் கவுண்டி’ என்று பெயர் பெற்றது. வியட்நாமில் மேகாங் ஆற்றில் படகுகளுக்குத் தளமாக நின்றது. 1970-இல் தென் வியட்நாமிடம் தரப்பட்டு ‘மீ தோ’ ஆயிற்று. 1975-இல் சைகோன் வீழ்ந்தபோது தப்பிப் பிலிப்பைன்ஸ் சேர்ந்தது. அங்கே பெற்ற பெயர் ‘சியெரா மாட்ரே’.

1999 மே மாதம் பிலிப்பைன்ஸ் அதைத் தென்சீனக் கடலில் இரண்டாம் தாமஸ் திட்டு என்னும் பவளத்திட்டின்மேல் ஏற்றி நிறுத்தியது. இம்முறை பின்னங்கூரம் போடவில்லை, திரும்பும் எண்ணமில்லை. சீனம் உரிமை கோரும் அந்தத் திட்டில் தங்கள் கொடியோடு ஒரு கப்பல் நிற்கவேண்டும் என்பதே நோக்கம். துருவேறி ஓட்டை விழுந்த அதன் உடலுக்குள் ஒரு சிறு படைப்பிரிவு முறைவைத்துக் காவல் இருக்கிறது. 2016-இல் பன்னாட்டு நடுவர் மன்றம் அந்தத் திட்டு பிலிப்பைன்சின் பொருளாதார மண்டலத்துக்குள் வருவது என்று தீர்ப்பளித்தது, சீனம் ஏற்கவில்லை. உணவும் நீரும் கொண்டுசெல்லும் படகுகளைச் சீனக் காவல்படை மறிப்பது வழக்கமாயிற்று. 2024 ஜூன் 17 அன்று நடந்த மோதலில் பிலிப்பைன்ஸ் வீரர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். அடுத்த மாதம் இருநாடுகளும் உணவு கொண்டுசெல்வது குறித்துத் தற்காலிக உடன்பாட்டுக்கு வந்தன.

எவன்ஸ்வில்லில் அந்தத் தகடுகளைப் பற்றவைத்தவர்கள் ஒரு போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்றுதான் அவசர அவசரமாக அதைச் செய்தார்கள். எண்பது ஆண்டு கடந்தும் அது கரையேறிய நிலையில் நிற்கிறது. அதற்குள் இருக்கும் இளைஞர்கள் அடுத்த படகில் அரிசி வருமா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.